தொட்டிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு முழம்

கீழே குருவிக்கு வீடு, அதன் கூரையிலேயே செடிக்குத் தொட்டி. இணையக் கடைகளிலும் பெரிய நர்சரிகளிலும் இப்படியொரு மரப்பெட்டி இப்போது விற்பனைக்குக் கிடைக்கிறது. முன்பக்கம் வட்டமாக ஒரு துளை, துளைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, தலையில் வழிந்து தொங்கும் பத்துமணிப் பூ. நாலடி அகலப் பால்கனியில் துணிக்கொடி, வாஷிங் மெஷின், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் போக மிஞ்சும் மூலையில் இரண்டு ஆசைகளை ஒரே ஆணியில் மாட்டிவிடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? படத்திலும் அழகாக இருக்கிறது. ஆனால் அதை வடிவமைத்தவர் மனிதக் கண்ணை மட்டுமே கேட்டிருக்கிறார். குருவியையும் செடியையும் கேட்கவில்லை.

செடியும் கூடும் அக்கம்பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செடியில்லாத கூட்டுப்பெட்டி அடுப்படி இல்லாத வீடு. படுக்கலாம், பிள்ளை வளர்க்க முடியாது. அதற்காக ஒன்றின் தலையில் மற்றொன்றைத் தூக்கி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று உறவினர்களைப் பற்றிச் சொல்வார்கள். தொட்டிக்கும் கூட்டுக்கும் அது இன்னும் கறாராகப் பொருந்துகிறது.

முதலில் யார் குடிவருவார்கள் என்று பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பறவைகளில் பொந்தில் முட்டையிடுபவை ஒரு வகை: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை. மரப்பொந்தும் சுவர் ஓட்டையும் கிடைக்காத ஊரில் நாம் மாட்டும் பெட்டி இவற்றுக்குப் போலிப் பொந்து. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டுவிட, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரார் தெருவிளக்கை ஏற்றாமல் இருந்தார்கள். ஊராரின் பெருந்தன்மைதான் செய்தியானது. பறவையின் பக்கம் நின்று பார்த்தால் சுவிட்ச் பெட்டியில் என்ன இருந்தது என்பதே சுவாரசியம். இருட்டு, நனையாத தரை, காக்கையின் அலகு எட்டாத ஆழம், தன் உடம்பு மட்டும் நுழையும் வழி. அழகு என்ற தேவை அந்தப் பட்டியலில் இல்லை.

சிட்டுக்குருவிக்கு அந்த வழி 32 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் போதும். அதைப் பெரிதாக்கினால் மைனா உள்ளே வந்து குருவியை வெளியே தள்ளிவிடும். துளைதான் அந்த வீட்டின் பூட்டு. கடைப் பெட்டிகளில் துளைக்குக் கீழே செருகியிருக்கும் குச்சியால் குருவிக்கு ஒரு பயனும் இல்லை. நகத்தால் மரத்தைப் பற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விடும். அந்தக் குச்சியில் வசதியாக உட்கார்ந்து எட்டிப் பார்ப்பது காக்கை. வாங்கியிருந்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கிவிடுங்கள்.

இரண்டாம் வகைப் பறவைகள் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. அவற்றுக்குச் செடியே வீடு. பால்கனித் தோட்டக்காரர்கள் அதிகம் கவனிக்காத அதிசயம் இங்கேதான் இருக்கிறது. தையல்சிட்டின் எடை பத்து கிராமுக்கும் குறைவு. பெண் சிட்டு அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்து, அலகால் அதன் இரு விளிம்புகளிலும் துளையிட்டு, பஞ்சையோ நாரையோ சிலந்தி நூலையோ உள்ளே விட்டு இழுக்கிறது. இலை சுருண்டு பையாகிறது. தையல் என்கிறோமே தவிர நம் தையல்போல ஒரே நூல் ஓடுவதில்லை. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனித் துண்டு. வெளியே வந்த நுனி பிரிந்து பருத்துக்கொள்வதால் திரும்ப உள்ளே நழுவாது. தகரத்தில் ஆணி அடித்து நுனியை நசுக்குகிறோமே, அந்த வேலைதான். துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை சாவதில்லை, பச்சையாகவே இருக்கிறது. மற்ற இலைகளோடு இலையாகத் தொங்கும் அந்தப் பைக்குள் மென்பஞ்சு மெத்தை வைத்து முட்டையிடுகிறது. இதற்கு வேண்டியது வளைத்தால் முறியாத அகன்ற இலையும், நாலைந்து செடிகள் நெருங்கி நிற்கும் அடர்த்தியும். அழகுக்காக வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு அலைகிறவர் வீட்டில் அது தங்காது.

தேன்சிட்டு அதையும் கேட்பதில்லை. தொங்கும் கொடி, கயிறு, சும்மா விட்ட மின்கம்பி, எது கிடைத்தாலும் அதில் நார், சருகு, பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் வரை சேர்த்துச் சிலந்தி நூலால் கட்டி ஒரு பை தொங்கவிடும். வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரம்கூட உண்டு. பார்க்கிறவருக்குக் குப்பை காற்றில் மாட்டிக்கொண்டதுபோல் தெரியும்; தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆக, பால்கனி மூலையில் ஒட்டடை கொஞ்சம் இருப்பது நல்லது. வீட்டில் திட்டு வாங்கினால் கட்டுமானப் பொருள் என்று சொல்லிப் பாருங்கள்.

மாடப்புறாவைப் பற்றி ஒரே வரி: அது குடியேறிவிடாமல் இருக்கக் காலித் தொட்டியை வைக்காதீர்கள், மண் மட்டும் நிரப்பிய தொட்டியும் அதற்குக் காலித் தொட்டிதான்.

சிட்டுக்குருவிக்கு வருவோம். பெட்டி மாட்டுகிற பழக்கத்தை இந்தியாவில் பரப்பியதில் நாசிக்கின் முகமது திலாவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இலிருந்து மார்ச் 20 சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. சென்னையில் பள்ளிப் பிள்ளைகளே மரப்பெட்டி செய்து வீட்டுக்கு வீடு மாட்டுகிறார்கள். 2018இல் வந்த '2.0' படத்துக்குப் பிறகு, குருவி குறைந்ததற்குக் காரணம் கேட்டால் பலரும் செல்பேசிக் கோபுரத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வேறு சொன்னது. நாடளாவிய கணக்கில் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாகப் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில். கோபுரத்தின் மீது பழி போட உறுதியான சான்று இல்லை. கூடு கட்ட இடம் குறைந்ததும் பூச்சி உணவு குறைந்ததும் வலுவான காரணங்கள்.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை என்பது நம் மனத்தில் பதிந்துபோன படம். கிராமத்து வீட்டு வாசலில் நெற்கதிரைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டது அந்தப் படத்தை வைத்துத்தான். அது வளர்ந்த குருவிக்குப் பொருந்தும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு தானியத்தில் பிழைக்காது. கண் திறக்காத நிலையிலிருந்து இரண்டே வாரத்தில் சிறகு முளைத்துப் பறந்தாக வேண்டிய உடம்புக்குப் புரதமும் நீரும் வேண்டும். அதனால் முதல் சில நாட்கள் தாயும் தந்தையும் கொண்டுவருவது ஏறக்குறைய முழுக்கப் பூச்சிதான்: பச்சைப் புழு, அசுவினி, சின்ன வெட்டுக்கிளி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் கூட்டுப்பெட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் எழுதிய ஆய்வேடு, புழு பூச்சிக்குப் பதிலாக ரொட்டித் துணுக்கும் விதையும் கூடுதலாக ஊட்டப்பட்ட குஞ்சுகள் மெலிந்து செத்தன என்று காட்டியது. பெட்டி இருந்தது, முட்டை இருந்தது, பெற்றோர் இருந்தார்கள், புழு இல்லை.

பிறகு லண்டனில் அறுபதுக்கும் மேற்பட்ட குருவிக் கூட்டங்களில் பாதிக்கு மட்டும் இனப்பெருக்கக் காலத்தில் உயிருள்ள மாவுப்புழுக்களைத் தட்டில் வைத்து நான்கு ஆண்டு பார்த்தார்கள். புழு கிடைத்த இடங்களில் பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியது. ஆனால் வளர்ந்த குருவிகளின் எண்ணிக்கை பெரும்பாலான இடங்களில் அதற்கேற்ப உயரவில்லை. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். ஒரு பொருளை வைத்தால் ஒரு பறவை திரும்பிவிடும் என்ற நம்பிக்கையை அது மரியாதையாக உடைக்கிறது.

புழுவைத் தட்டில் வாங்கி வைக்க நம்மால் ஆகாது. ஒரு தொட்டி அவரைக்கொடியால் ஆகும். அவரையில் அசுவினி வராமல் இருந்ததுண்டா? கருவேப்பிலையில் கோடு போட்ட பச்சைப் புழு, எலுமிச்சையில் பறவை எச்சம் போலவே உருமாறி உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சிப் புழு, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. தோட்டக்காரருக்குத் தொல்லையாகத் தெரிவதெல்லாம் கூட்டுக்குச் சாப்பாடு. வேப்பெண்ணெய்த் தெளிப்பானைக் குஞ்சு இருக்கும் மாதத்திலாவது அலமாரியில் வையுங்கள். மருந்தடிக்காமல் விட்டால் செடி போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு டச்சுக் கணக்கு: ஆப்பிள் தோட்டத்தில் கூட்டுப்பெட்டி மாட்டிப் பட்டாணிக்குருவியைக் குடிவைத்தபோது, ஒரு மரத்துக்கு 4.7 கிலோவாக இருந்த நல்ல காய் 7.8 கிலோவாகக் கூடியது என்று 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குருவிக்குச் செடி உதவுவதுபோல் செடிக்கும் குருவி கைம்மாறு செய்கிறது. தொட்டி அவரையில் கிலோக்கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். தவிர, சிட்டுக்குருவி முளைக்கீரையின் இளங்குருத்தையும் கிள்ளும். கீரைத் தொட்டிமேல் வலை போட்டுக்கொள்வது உங்கள் பாடு.

உணவுக்கு அடுத்தது வெயில். அடைகாக்கும்போது முட்டைக்கு 36 முதல் 38 டிகிரி வெப்பம் இருந்தால் கரு சீராக வளரும். 40.5 டிகிரியைத் தாண்டி நீடித்தால் செத்துவிடும். நடுவில் இருப்பது வெறும் இரண்டு மூன்று டிகிரி. குளிர்நாட்டில் தாய்க்குருவி முட்டையைச் சூடாக்கப் பாடுபடுகிறது. சென்னை, வேலூர், திருச்சி மே மாதத்தில் சூடாகாமல் காக்கப் பாடுபட வேண்டும். மேற்கு பார்த்த சுவரில் மெல்லிய பிளைவுட் பெட்டியையோ தகர டப்பாவையோ மாட்டுவது முட்டையை அவிப்பதற்குச் சமம்.

இந்த இடத்தில் செடி செய்யும் வேலை பெரிது. வேர் வழியாக ஏறும் தண்ணீர் இலைத்துளைகள் வழியே ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் அப்படி ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 75 வாட் மின்விசிறி ஒன்பது மணி நேரம் ஓடக்கூடிய ஆற்றல். நன்றாகத் தழைத்த இரண்டு மூன்று தொட்டிகள் கோடை நாளில் இதைச் சத்தமில்லாமல் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகின்றன. இதை வைத்துப் பால்கனி ஏசிபோலக் குளிர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. திறந்த இடத்தில் காற்று வந்து கலைத்துவிடும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாதலும் மந்தம். நிச்சயமான பயன் வேறு. வெயிலில் நிற்கும் கான்கிரீட்டும் தகரமும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும்போது, இலை காற்றின் சூட்டிலிருந்து அதிகம் விலகாமல் இருக்கிறது. அதன் நிழலில் உள்ள பெட்டிக்கு நேர்வெயிலும் இல்லை, கொதிக்கும் சுவரின் அனலும் இல்லை.

அப்படியென்றால் செடியைக் கூரைமேலேயே வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். அந்த இணையப் பெட்டியின் தர்க்கமும் அதுதான். சிக்கல் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. தொட்டிக்கு வடிகால் வேண்டும், கூட்டுக்குத் துளி ஈரம் ஆகாது. நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீரில் வேர் குடித்தது போக மீதி மரக்கூரையில் ஊறி, வைக்கோலும் இறகும் கலந்த மெத்தைக்குள் இறங்கும். ஈரமான மெத்தையில் பூஞ்சை வளரும், உண்ணிப்பேன் பெருகும், இறகு முளைக்காத குஞ்சு விறைக்கும். தகரத் தட்டு வைத்து வடிகாலை அடைத்தால் குஞ்சு பிழைக்கும், செடி வேர் அழுகிச் சாகும். எடையும் உண்டு. பத்து லிட்டர் தொட்டியில் செம்மண் நனைந்தால் பதினைந்து கிலோவைத் தாண்டும். தென்னைநார்க் கலவையில் எடை குறையும், ஆனாலும் ஒற்றை ஆணிக்கு அது பாரம்தான். ஆணி விட்டால் விழுவது கீழ்வீட்டுக்காரர் தலையில்.

இன்னொரு சிக்கல் ஈரத்தைவிட நுட்பமானது. செடிச்சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய சத்து மிகக் குறைவு. அதனால் அசுவினியும் மாவுப்பூச்சியும் தேவைக்கு மேல் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றுகின்றன. அந்தத் துளிக்கு எறும்பு வரிசை கட்டி வருகிறது. அந்தப் பூச்சிகளை மேய்த்துக் காவல்கூடக் காக்கிறது. அசுவினி குஞ்சுக்குச் சாப்பாடு, அசுவினியின் கழிவு எறும்புக்குச் சாப்பாடு, எறும்புக்குக் குஞ்சும் சாப்பாடு. தொட்டியும் கூடும் ஒட்டியிருந்தால் எறும்புக்கு ஒரே படிக்கட்டு. நகர முடியாத குஞ்சைக் கட்டெறும்புக் கூட்டம் ஒரே இரவில் முடித்துவிடும். பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள். தொட்டி ஸ்டாண்டுக்கும் அதே வைத்தியம்தான். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் டெங்கு கொசு வளரும். பெட்டியில் கிரீஸ் தடவும் யோசனை மட்டும் வேண்டாம். இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாது.

ஆகவே இடைவெளி. ஒரு முழம் கையால் அளந்து பார்த்தால், எந்தக் கிளையும் பெட்டியைத் தொடாத தூரம், ஆனால் தாய்க்குருவி பெட்டியிலிருந்து எட்டிக் குதித்தால் இலைக்குள் நுழைந்துவிடும் தூரம். நீங்கள் தண்ணீர் ஊற்றும் கை துளையை மறைக்காத தூரமும் அதுதான்.

செடியையும் பெட்டியையும் சேர்த்து யோசித்தவர்களில் முன்னோடி ஒரு ஜெர்மானியப் பிரபு. துரிஞ்சியா வட்டாரத்தில் சேபாக் என்ற ஊரில் வாழ்ந்த பெர்லெப்ஷ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளை அறுத்துப் பார்த்து, அதே வடிவத்தில் மரக்கட்டையைக் குடைந்து பெட்டி செய்தார். அதோடு நிற்கவில்லை. முட்புதர்களை நட்டு, கவட்டை கவட்டையாகக் கிளை பிரியும்படி கத்தரித்தார். பொந்தில் வாழ்பவற்றுக்குப் பெட்டி, கிளையில் கட்டுபவற்றுக்குக் கவட்டை. நம் காலத்தில் பெட்டி உலகம் முழுக்கப் பரவிவிட்டது, புதரைத்தான் மறந்துவிட்டோம்.

செடி தரும் இன்னொரு பொருளை அவரும் நினைத்திருக்க மாட்டார். கார்சிகா தீவில் கூட்டுப்பெட்டிகளில் வாழும் நீலப் பட்டாணிக்குருவிகள், குஞ்சு வளரும் காலத்தில் லாவண்டர், புதினா முதலிய வாசனைச் செடிகளின் துணுக்குகளைக் கொண்டுவந்து கூட்டில் வைக்கின்றன. வாசம் குறைந்தால் அல்லது ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துவிட்டால் புதிதாகக் கொண்டுவருகின்றன. இந்த இலைகள் குஞ்சின் உடம்பில் வாழும் பாக்டீரியாவைக் குறைப்பதாகப் பின்னர் கண்டார்கள். கொல்கத்தாவில் சிட்டுக்குருவிகள் கூட்டில் வேப்பிலை செருகுவதை 1981இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்துச் சிட்டுக்குருவிகளுக்கு இலை கிடைக்காததாலோ என்னவோ, தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளின் பஞ்சைப் பிரித்துக் கூட்டில் வைத்திருந்தன. அந்தப் பஞ்சு கூடக்கூட ஒட்டுண்ணிகள் குறைந்தன என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. நிக்கோட்டின் பூச்சிக்கொல்லி அல்லவா! அதே குழு பிறகு, அதே பஞ்சைக் கூட்டில் வைக்கும் வேறொரு பறவையின் குஞ்சுகளில் இரத்த அணுக்களைச் சோதித்தபோது மரபணுச் சேதம் தெரிந்தது. துளசி, ஓமவல்லி, புதினா மூன்றும் ஒரே நீளத் தொட்டியில் வளரும். நம் குருவிகள் அவற்றைக் கிள்ளி எடுத்துப் போகுமா என்று உங்கள் பால்கனியில் நீங்களே பார்க்கலாம்.

அமைப்பது எளிது. பெட்டி வடக்கோ கிழக்கோ பார்த்த சுவரில், மேல்தளத்தின் அடியில், தரையிலிருந்து எட்டு அடிக்கு மேல். அரை அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் வர்ணம் பூசாத பலகை, உட்பக்கத் தரை ஏறக்குறைய அரையடிச் சதுரம், அடியில் சிறு வடிதுளைகள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கும் பால்கனியாக இருந்தால் துளைக்கு மேல் கூரை நான்கு விரல் நீண்டிருக்கட்டும். வெயில் வரும் பக்கத்துக் கம்பியில் அவரை அல்லது சங்குப்பூ, தரையில் எலுமிச்சையும் கருவேப்பிலையும், ஒரு அகலத் தட்டில் மட்டும் செடி வைக்காமல் பொடிமண் உலர்ந்தபடி. குருவிகள் அதில் புரண்டு மண்குளியல் போடும். இறகிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் அதில் போகும். குருவி கூட்டமாக வாழும் பறவை என்பதால் இடமிருந்தால் இரண்டு பெட்டி மாட்டலாம். முட்டை இருக்கும்போது திறந்து பார்த்துப் படம் எடுக்காதீர்கள். ஒரே பெட்டியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைகூட முட்டையிடும். அடுத்த முறைக்கு முன் பழைய மெத்தையை எடுத்துப் போட்டுவிட்டு வெயிலில் காயவைத்தால் உண்ணி குறையும்.

கூரைத்தொட்டி வைத்த பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. மண்ணைக் கொட்டிவிட்டு, காலித் தொட்டியைக் கூரைமேல் இரண்டு சட்டங்கள் வைத்து விரலளவு உயர்த்தி, புறா குடியேறாதபடி கவிழ்த்துப் பொருத்தினால் அது இரண்டாம் கூரையாகிவிடும். வெயில் மேல்கூரையில் நிற்கும், நடுவில் காற்று ஓடும், பெட்டி சூடாகாது. அதிலிருந்த பத்துமணிப் பூவுக்குக் கைப்பிடிச் சுவரில் நல்ல வெயில் கிடைக்கும்.

சிட்டுக்குருவி பிறந்த இடத்திலிருந்து ஓரிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் போவதில்லை. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அதன் சத்தமே கேட்பதில்லை என்றால் பெட்டி ஆண்டுக்கணக்கில் காலியாகத் தொங்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் காசை முதலில் தொட்டியிலும் மண்ணிலும் போடுவது நல்லது. தையல்சிட்டும் தேன்சிட்டும் சிட்டுக்குருவி இல்லாத அடுக்குமாடிப் பகுதிகளிலும் இருக்கின்றன. அவை வரப் பெட்டி தேவையில்லை.